போர்ட்டோ அலெக்ரே: மக்கள் எழுதிய பட்ஜெட்டும் யாரும் கேட்காத பம்புகளும்

பிரேசில் என்றால் கால்பந்து, காபி, அமேசான் காடு. இந்த மூன்றையும் தவிர அந்த நாடு உலகத்துக்கு ஏற்றுமதி செய்த இன்னொரு சரக்கும் உண்டு. அது ஒரு பட்ஜெட் முறை! மாநகராட்சியின் பணத்தில் எந்தத் தெருவுக்கு என்ன வேலை செய்வது என்பதை அந்தத் தெருக்காரர்களே கூடிப் பேசித் தீர்மானிக்கும் முறை. ஆங்கிலத்தில் நீளமான பெயர்கள் இருந்தாலும் தமிழில் 'பங்கேற்பு பட்ஜெட்' என்று சொன்னால் போதும்.

இது பிறந்த ஊர் பிரேசிலின் தென்கோடியில் உள்ள போர்ட்டோ அலெக்ரே. ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் தலைநகரம், சுமார் 13 லட்சம் மக்கள். 2024 மே மாதத்தில் இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காக உலகச் செய்திகளில் வந்தது. ஊரின் பல பகுதிகள் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றன.

பட்ஜெட் கதையை ஒருவர் சொல்வார், வெள்ளக் கதையை வேறொருவர் சொல்வார். இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களாகப் படித்தால்தான் விஷயம் புரியும்.

தண்ணீருக்கு நடுவே ஒரு ஊர்

ஜாக்குயி, காயி, சீனோஸ், கிராவட்டாயி என்று நான்கு ஆறுகள் வந்து சேரும் இடத்தில் குவாய்பா என்ற பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது. அதை ஏரி என்பாரும் உண்டு, ஆறு என்பாரும் உண்டு. அதன் கரையில்தான் போர்ட்டோ அலெக்ரே. மேலே மாநிலத்தில் பெய்யும் மழையில் கணிசமான பங்கு இந்த ஊரின் வாசல் வழியாகத்தான் கடலை நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1941 ஏப்ரல்-மே மாதங்களில் 22 நாள் மழை பெய்தது. குவாய்பா 4.76 மீட்டர் வரை ஏறியது. சுமார் 70,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அப்போது ஊரின் மொத்த மக்கள்தொகையே 2,72,000 சொச்சம்தான். நான்கில் ஒருவர்! 1967ல் மீண்டும் ஒரு வெள்ளம் வந்தது.

அதற்குப் பிறகுதான் மத்திய அரசின் பொதுப்பணித் துறை ஒன்று களத்தில் இறங்கியது. ஊரைச் சுற்றி 60 கிலோமீட்டருக்கு மேல் கரைகள், நகர மையத்தில் துறைமுகத்தை ஒட்டி சுமார் 2.6 கிலோமீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர், அவற்றில் 14 இரும்புக் கதவுகள், உள்ளே பம்பு நிலையங்கள். 'மாவா சுவர்' என்று அழைக்கப்படும் அந்தச் சுவர் 1971ல் தொடங்கி 1974ல் முடிந்தது. குவாய்பா 6 மீட்டர் ஏறினாலும் ஊர் தாங்கும் என்பது பொறியாளர்கள் போட்ட கணக்கு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுவர் வெளித் தண்ணீரை மட்டும்தான் தடுக்கும். ஊருக்குள் பெய்யும் மழை எங்கே போகும்? சுவர் அதையும் வெளியே விடாதே! எனவே அதை வெளியே இறைத்துக் கொட்ட பம்புகள் வேண்டும். பம்பு ஓடாவிட்டால் சுவர் கட்டிய ஊர் தொட்டியாகிவிடும். அதனால்தான் மழைநீர் வடிகாலுக்கு என்றே மாநகராட்சி 1973ல் தனித் துறை ஒன்றைத் தொடங்கியது.

அது ராணுவ ஆட்சிக் காலம் (1964-1985). சுவர் வேண்டுமா என்று யாரும் மக்களைக் கேட்கவில்லை. கட்டினார்கள், அவ்வளவுதான். ஆற்றைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு ஆறு மறைந்துபோனது. பெரிய வெள்ளம் எதுவும் வராமல் பத்தாண்டுகள் கடந்தபோது, 'இந்த அசிங்கமான சுவர் எதற்கு? இடித்துவிடலாமே' என்ற பேச்சு திரும்பத் திரும்ப எழுந்தது. காவல்காரன் ஒழுங்காக வேலை செய்தால் திருடன் வரமாட்டான். திருடனே வராத ஊரில் காவல்காரனுக்குச் சம்பளம் எதற்கு என்ற கேள்வி வரும். அதே கதைதான்.

மரத்தில் ஏறிய மாணவன்

மக்களைக் கேட்காத அந்தக் காலத்திலும் ஊர் சும்மா இருக்கவில்லை. 1971ல் ஜோசே லுட்சன்பெர்கர் என்ற வேளாண் வல்லுநரும் நண்பர்களும் சேர்ந்து சுற்றுச்சூழல் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். லுட்சன்பெர்கர் ஒரு பன்னாட்டு இரசாயன நிறுவனத்தின் வேலையை விட்டுவிட்டு வந்தவர், பின்னாளில் நாட்டின் சுற்றுச்சூழல் செயலாளராகவும் இருந்தார்.

1975 பிப்ரவரியில் மேம்பாலம் கட்டுவதற்காக ஒரு சாலையில் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லூரி மாணவர் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டார். கூட்டம் கூடியது, பத்திரிகைகள் வந்தன. அந்த மரம் தப்பியது. ராணுவ ஆட்சியில் இது சாதாரண விஷயமல்ல. அடுத்த ஆண்டே, 1976ல், சுற்றுச்சூழலுக்கென்று தனிச் செயலகம் அமைத்த முதல் பிரேசில் நகராட்சி என்ற பெயர் போர்ட்டோ அலெக்ரேவுக்குக் கிடைத்தது.

அதாவது பங்கேற்பு பட்ஜெட் வெறும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 'எங்கள் ஊர், எங்களைக் கேள்' என்று சொல்லும் பழக்கம் அந்த மண்ணில் முன்பே இருந்தது.

காலிப் பெட்டியோடு வந்த மேயர்

மாநிலத் தலைநகரங்களின் மேயர்களை மக்கள் மீண்டும் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1985ல்தான். 1983ல் உருவான குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 1986ல் ஒரு கோரிக்கை வைத்தது. சாலை போடு, குழாய் போடு என்று ஒவ்வொன்றாகக் கேட்பதை விட்டுவிட்டு, பட்ஜெட்டைத் தீர்மானிப்பதிலேயே பங்கு கேட்டது! பணம் எங்கே போகிறது என்பதைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1988 அரசியல் சட்டம் நகராட்சிகளுக்கு அதிகாரத்தையும் வருவாயையும் கூட்டியது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ டுட்ரா மேயரானார். வங்கி ஊழியர் சங்கத் தலைவராக இருந்தவர். 1989 ஜனவரியில் பதவியேற்றுக் கணக்கைத் திறந்து பார்த்தால் வருவாயில் சுமார் 98 சதவீதம் ஊழியர் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இரண்டு ரூபாயில் என்ன பட்ஜெட் போடுவது?

இருந்தும் கூட்டங்கள் நடந்தன. ஊரை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். மக்கள் வந்து கேட்டார்கள், பட்டியல் வளர்ந்தது, பணம் இல்லை. கேட்டது நடக்காததால் 1990 கூட்டங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவு. திட்டம் அங்கேயே செத்திருக்கலாம்.

அதைக் காப்பாற்றியது வரி. பெரிய சொத்துக்குக் கூடுதல் விகிதம் என்ற அடிப்படையில் சொத்து வரியைத் திருத்தினார்கள். கட்டணங்களைப் பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும்படி மாற்றினார்கள். கையில் பணம் வந்தது, வேலைகள் தொடங்கின, மக்களும் திரும்பி வந்தார்கள். பத்தாண்டில் கூட்டங்களுக்கு வருவோர் எண்ணிக்கை ஆண்டுக்கு 15,000ஐத் தாண்டியது. பங்கேற்பு பட்ஜெட்டைப் புகழ்பவர்கள் இந்த வரிப் பகுதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பகிர்ந்துகொள்ள ஏதாவது இருந்தால்தானே பகிர்வதைப் பற்றிப் பேச முடியும்?

எப்படி நடந்தது?

ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பகுதியிலும் பெரிய கூட்டம். முதல் வேலை, போன ஆண்டு சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று மாநகராட்சி கணக்குச் சொல்ல வேண்டும். மேயரே வந்து நிற்பார். திட்டப் பட்டியல் அச்சிட்ட சிறு புத்தகமாக மக்கள் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு 'இந்த வரியில் உள்ள சாலை எங்கே?' என்று கேட்பார்கள்.

பிறகு தெருவாரியாகச் சிறு கூட்டங்கள். குடிநீர், கழிவுநீர், தார்ச்சாலை, வீடு, பள்ளி, மருத்துவம் என்று எது முதலில் வேண்டும் என வரிசைப்படுத்துவார்கள். ஒவ்வொரு பகுதியும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து பட்ஜெட் குழுவுக்கு அனுப்பும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்தக் குழு அதிகாரிகளோடு உட்கார்ந்து கணக்குப் போடும். செப்டம்பர் இறுதிக்குள் வரைவு மாமன்றத்துக்குப் போகும்.

பணத்தைப் பகுதிகளுக்குப் பிரிக்க மூன்று அளவுகோல்கள் இருந்தன. அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவு, மக்கள்தொகை எவ்வளவு, அந்த மக்கள் அதை எத்தனையாவது தேவையாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பணம். பல ஆண்டுகளில் மக்கள்தொகையைவிட இல்லாமைக்கே அதிக எடை.

கற்பனையாக ஒரு உதாரணம். 'அ' பகுதியில் பத்தில் எட்டுத் தெருவுக்குச் சாக்கடை இல்லை, அதையே முதல் தேவையாகச் சொல்கிறார்கள். 'ஆ' பகுதியில் பத்தில் ஒரு தெருவுக்குத்தான் இல்லை, ஆனால் கவுன்சிலர் செல்வாக்கானவர். பழைய முறையில் பணம் 'ஆ'வுக்குப் போயிருக்கும். புதிய முறையில் 'அ'வுக்குத்தான் போகும். பணம் யாருக்கு என்பதைச் சிபாரிசின் கையிலிருந்து எடுத்து ஒரு சூத்திரத்தின் கையில் கொடுத்தார்கள். சூத்திரமும் எல்லார் கையிலும் இருந்தது, எவரும் கூட்டிப் பார்க்கலாம்.

பலன் தெரிந்தது. நகர மையத்திலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய ரெஸ்டிங்கா, குன்றுகளின் மேல் வளர்ந்த குடிசைப் பகுதிகள் எல்லாம் பட்ஜெட்டில் இடம்பிடித்தன. 1989ல் கழிவுநீர் இணைப்பு இருந்த வீடுகள் 46 சதவீதம். ஏழெட்டு ஆண்டுகளில் அது 85 சதவீதம் ஆனது. குடிநீர் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் போனது. ஏழைக் குடும்பத்துக்குச் சுற்றுச்சூழல் என்றால் முதலில் இதுதான், வாசலில் ஓடும் சாக்கடை மூடப்படுவது. 1996ல் ஐ.நா.வின் இஸ்தான்புல் மாநாடு இதைச் சிறந்த நடைமுறைகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. 2001ல் முதல் உலக சமூக மாமன்றம் இந்த ஊரில் கூடியதற்கும் இந்தப் பெயர் ஒரு காரணம்.

எந்தத் தெருவும் கேட்காத வேலை

சரி, வீடுகளின் கழிவுநீர் குழாய்க்குள் போனது. குழாய் எங்கே போனது? பெரும்பகுதி குவாய்பாவுக்கு! சுத்திகரிக்காமலே. அதே குவாய்பாவிலிருந்துதான் ஊர் குடிநீர் எடுக்கிறது.

இதில் மக்கள் மீது தவறு இல்லை. தன் வாசலில் சாக்கடை ஓடும் பெண்மணி கூட்டத்துக்கு வந்து குழாய்தான் கேட்பார். 'ஊருக்குத் தெற்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள்' என்று கேட்க எந்தத் தெருவும் கூடுவதில்லை. இந்தக் குறையை அவர்களும் கவனித்தார்கள். 1994ல் போக்குவரத்து, மருத்துவம், நகர வளர்ச்சி என்று ஊர் முழுமைக்குமான தனிக் கூட்டங்களைச் சேர்த்தார்கள். ஆனாலும் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வங்கிக் கடனில் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது 2014ல்தான். அதன் பிறகுதான் ஊரின் சுத்திகரிப்புத் திறன் 27 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு உயர்ந்தது. கால் நூற்றாண்டு!

சுத்திகரிப்பு நிலையமாவது புதிய கட்டடம். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பழைய பம்புக்கு என்ன உண்டு?

சுவரையும் கரைகளையும் கட்டிய மத்திய அரசுத் துறை 1990ல் கலைக்கப்பட்டது. எல்லாம் மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த இடம் உடனே உறுத்தும். மூலதனச் செலவு என்பது ஒருமுறை, வருவாய்ச் செலவு என்பது வருடா வருடம். சொத்து கைமாறும்போது தேய்மானமும் சேர்ந்து கைமாறுகிறது. ஒரு கம்பெனி தேய்மானத்தைக் கணக்கில் காட்டாவிட்டால் ஆடிட்டர் விடமாட்டார். ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதும் அரசு அலுவலகத்தில் தேய்மானத்துக்குப் பக்கமே கிடையாது. மோட்டார் துருப்பிடிப்பது எந்தப் பேரேட்டிலும் வராது.

பங்கேற்பு பட்ஜெட்டும் முக்கியமாகப் புதிய முதலீடுகளைப் பற்றியே பேசியது. அந்த 14 கதவுகளின் ரப்பர், பம்புகளின் மின்பலகை, வடிகாலில் தூர் எடுப்பது எல்லாம் அன்றாட நிர்வாகம் என்ற தலைப்பில் அதிகாரிகள் பக்கம் நின்றன. அதாவது மக்களின் கண் படாத பக்கம்.

மெல்ல மங்கிய கூட்டங்கள்

16 ஆண்டுகளுக்குப் பிறகு, 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றது. அடுத்து வந்தவர்கள் கூட்டங்களை ஒழித்துவிடவில்லை. தொடர்ந்தார்கள். ஆனால் ஒப்புக்கொண்ட வேலைகள் முடியாமல் குவிந்தன. கேட்டதை எழுதிக்கொள்வார்கள், செய்யமாட்டார்கள் என்ற எண்ணம் பரவியது. 2017ல் புதிய நிர்வாகம், பழைய பாக்கியே ஏராளம், புதிதாகக் கேட்டு என்ன பயன் என்று சொல்லிக் கூட்டங்களை நிறுத்திவைத்தது. பிறகு மீண்டும் நடந்தன. பழைய வலு திரும்பவில்லை.

அதே 2017ல் தொடங்கிய நிர்வாகச் சீரமைப்பில் 1973ல் உருவான மழைநீர் வடிகால் துறையும் கலைக்கப்பட்டது. அதன் வேலை பிற்பாடு குடிநீர்-கழிவுநீர்த் துறையோடு சேர்க்கப்பட்டது. சிக்கனம் என்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் 'மழை வந்தால் என்ன செய்வது' என்பதை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த ஒரு அலுவலகம் ஊரில் இல்லாமல் போனது.

2024 மே

2023 செப்டம்பரிலும் நவம்பரிலும் குவாய்பா ஏறி, கதவுகளை மூட வேண்டி வந்தது. அவை முன்னறிவிப்புகள். 2024 ஏப்ரல் கடைசியில் மாநிலம் முழுக்க மழை கொட்டியது. மே 3ஆம் தேதி நீர்மட்டம் 1941 அளவைத் தாண்டியது. அன்றே ஒரு கதவு பெயர்ந்து விழுந்தது. மற்ற கதவுகளின் இடுக்குகளில் மணல் மூட்டை அடுக்கினார்கள். மே 5ல் நீர் 5.3 மீட்டரைத் தொட்டது.

மொத்தம் 23 பம்பு நிலையங்களில் ஒரு கட்டத்தில் ஓடியவை நான்கு மட்டுமே. தண்ணீர் புகுந்தும் மின்சாரம் துண்டிக்கப்பட்டும் மற்றவை நின்றன. மே 6ல் பம்பு நிலையம் ஒன்று நிறுத்தப்பட, அதுவரை தப்பியிருந்த மெனினோ டெவுஸ், சிடாடே பைஷா பகுதிகளில் தண்ணீர் சாக்கடை மூடிகள் வழியாக மேலே வந்தது. தொட்டி நிரம்பியது! வடக்கே சரண்டி பகுதியில் கரையைத் தாண்டி வந்த வெள்ளம் உழைக்கும் மக்களின் வீடுகளை மூழ்கடித்தது. விமான நிலையம் மே 3ல் மூடப்பட்டு அக்டோபரில்தான் திறந்தது. மாநிலம் முழுவதும் 180க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

அந்த மழை அசாதாரணமானது, அதில் சந்தேகமில்லை. பருவநிலை மாற்றம் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆனால் ஊருக்குள் தண்ணீர் வந்ததற்கு மழையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 6 மீட்டருக்குக் கட்டியது 5.3 மீட்டரில் தோற்றது. வடிவமைப்பு சரி, பராமரிப்புதான் இல்லை என்று பழைய வடிகால் துறையில் வேலை பார்த்த பொறியாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இடிக்கச் சொன்ன சுவர் நின்றது. அதில் மாட்டியிருந்த கதவும், அதன் பின்னால் இருந்த பம்பும்தான் தோற்றன.

கணக்கில் விட்டுப்போன வரி

கூட்டங்கள் பழையபடி நடந்திருந்தால் பம்புகள் ஓடியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. நல்ல காலத்திலும் அந்தக் கூட்டங்களின் பட்டியலில் பம்பு பெரிதாக இடம்பெறவில்லை. அதேபோல, மக்களைக் கேட்டுப் பட்ஜெட் போட்டதால்தான் பம்புகள் கவனிக்கப்படவில்லை என்பதும் தவறு. சுவரைக் கட்டியபோதும் மக்களைக் கேட்கவில்லை, வடிகால் துறையைக் கலைத்தபோதும் மக்களைக் கூட்டி வாக்கெடுக்கவில்லை.

உண்மையில் அந்த முறையின் மிகச் சிறந்த பகுதி வாக்கெடுப்பு அல்ல. ஆண்டின் முதல் கூட்டத்தில் மேயர் நின்று, 'போன வருடம் சொன்னது இது, செய்தது இது' என்று படித்துக்காட்டிய அந்த அரைமணி நேரம். அந்தப் பட்டியலில் புதிய சாலைகளோடு இன்னும் ஒரே ஒரு வரி இருந்திருக்க வேண்டும். 'பம்புகள் 23. சோதித்துப் பார்த்தவை எத்தனை? ஓடுபவை எத்தனை?' இதைக் கேட்க இன்ஜினியரிங் பட்டம் வேண்டாம். அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு 'என் தெரு சாலை எங்கே' என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு இதையும் கேட்கத் தெரியும். அவர்கள் கையில் அந்த எண்ணைக் கொடுக்கவில்லை.

இந்த முறை பிறகு உலகம் சுற்றியது. இந்தியாவில் புனே மாநகராட்சி 2006ல் தன் வழியில் தொடங்கியது. நியூயார்க்கில் 2011ல் சில கவுன்சிலர்கள் தொடங்கினார்கள். பாரிஸ் 2014ல் தொடங்கியது. போன இடமெல்லாம் பூங்கா, நடைபாதை, மரக்கன்று, சைக்கிள் பாதை என்று மக்கள் கேட்டார்கள், கிடைத்தது. நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் புதியதைக் கேட்கும் உரிமைதான் ஊர் ஊராகப் போனது. இருப்பதைக் கணக்குக் கேட்கும் உரிமை அதே வேகத்தில் போகவில்லை.

ஒரு ஊரின் பட்ஜெட்டை மதிப்பிட ஒரு சுலபமான வழி உண்டு. இந்த ஆண்டு எத்தனை திறப்பு விழா என்று எண்ணாதீர்கள். போன தலைமுறை கட்டிவிட்டுப் போனதில் எத்தனை இன்றைக்கும் ஓடுகிறது, அதை ஓட வைக்க எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். போர்ட்டோ அலெக்ரே மக்கள் முதல் கேள்வியை 1989லேயே உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவது கேள்வியை வெள்ளம் வந்த பிறகு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்க வேண்டியதாயிற்று.